அளவு மாறிய வயிறு

மார்ச் 4

மகனுக்கு அப்பா எழுதுவது.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களைத் தபால்காரர்தான் எழுதித் தந்தார். நான் திட்டச் சொன்னால் அவர் நலம் விசாரித்துவிடுவார். முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இனித் திட்டு நேராக வரும். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது; அப்படியும் கோபம் ஆறவில்லை.

நேற்று நீ வசனம் எழுதும் தொடரைப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் மலப்பை மாட்டிய கிழவன் விருந்தில் உட்காருகிறான். பை கசிகிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கோமாளி இசை வேறு. அது என் வயிறடா! என் தையல் கடையில் கசிந்ததை உன்னிடம்தான் போனில் சொல்லி அழுதேன்.

முழுவதும் சொன்னேனே, மீதியை எங்கே விட்டாய்? மலம் வெளியே வர வயிற்றில் வைத்த குடல்வாய், ஆபரேஷன் முடிந்து நாளாக நாளாகச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை அளவெடுத்தால் அதுதான் அளவு என்ற தையற்காரப் புத்தியில், பையின் ஓட்டையைப் பழைய அளவிலேயே வெட்டினேன். இடைவெளியில் கசிந்து தோல் வெந்தது. "என்ன மாஸ்டர், புள்ளைக்கு அப்பன் சட்டையப் போட்டு விட்டிருக்கீங்க?" என்றார் நர்ஸம்மா. திரும்ப அளந்து வெட்டினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

தப்பு என் கத்திரிக்கோல்மேல். நீ பையின்மேல் போட்டாய்.

அப்பா
(என் கையாலேயே)


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் குண்டு குண்டான எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கோபம் வேண்டாம். டைரக்டர் அவசரமாகச் சிரிப்புக் காட்சி கேட்டார். உங்கள் பெயரையா போட்டேன்? பார்த்தவர்கள் மறுநாளே மறந்துவிடுவார்கள். தோல் ஆறிவிட்டதா?

உங்கள் மகன்


மார்ச் 18

மகனுக்கு,

தோல் ஆறிவிட்டது. பார்த்தவர்கள் மறக்கவில்லை.

என்னிடம் சீருடை தைக்கக் கொடுக்கும் பஸ் டிரைவருக்குக் குடலில் புற்று. இதே ஆபரேஷன் செய்தால் பிழைப்பார். ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். "டிவில பாத்தேன் மாஸ்டர். அப்படி நாறிக்கிட்டு இருக்கறதுக்குப் போய்ச் சேந்துடலாம்," என்கிறார்.

கடைக்கதவைச் சாத்தினேன். சட்டையைத் தூக்கினேன். "மோந்து பாருய்யா!"

குனிந்து முகர்ந்தார். "பவுடர் வாசனைதான் வருது."

"ஆறு மாசமா உன் முன்னாடி இதோடதான் உக்காந்து தைக்கறேன்."

அவருக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பை மாற்றும்போது பார்க்க வருகிறார். நீயும் வா. பார்த்துவிட்டு எழுது.

அப்பா


மார்ச் 30

மகனுக்கு,

பதிலும் இல்லை, நீயும் இல்லை.

டிரைவர் வந்தார். கழற்றினேன், கழுவினேன், அளந்தேன், வெட்டினேன், ஒட்டினேன். ஒரு பாட்டுக் கேட்கிற நேரம். "இவ்ளோதானா?" என்று மூன்று முறை கேட்டார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கிளம்பும்போது, "பையன் என்ன வேலை பாக்கறான் மாஸ்டர்?" என்றார்.

"ஏதோ ஆபீஸ்ல," என்றேன்.

இந்தப் பையையே அவரிடம் திறந்து காட்டினேன். உன்னை மறைத்தேன். அதுதான் எரிகிறது.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன். வா. அந்தக் காட்சியை எழுதியது நீதான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல். சொன்ன பிறகு வீட்டுக்கு வா.

அப்பா