எதிர்க்கடைக்கு ஒரு கையெழுத்து

வக்கீலம்மா, போன செவ்வாய்க்கிழமை எதிர்க்கடை அண்ணாச்சியின் பூண்டுக் குடோனை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. உருக்கிய அரக்கின் வாசனை தெருவைத் தாண்டி என் கடைக்குள் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் என் கதவில் அதே அரக்கு சொட்டிய காலையும், பழனியிலிருந்து முதல் பஸ் ஏறி நீங்கள் வந்து நின்றதும், உங்களுக்கு நான் கொடுத்த வாக்கும் சேர்ந்தே ஞாபகம் வந்தன.

அன்று என் கையில் ஒரு மனு இருந்தது. 'ஐயா அவர்கள் கருணைகூர்ந்து' என்று தொடங்கும். தலையில் கூடை சுமந்து வியாபாரம் தொடங்கியவன் நான். அதிகாரியிடம் குனிந்து பேசிக் காரியம் முடிப்பது தொழிலில் பாதி என்று நினைத்திருந்தேன். பூட்டிய கதவுக்குள், மலைக்கிராமமான கவுஞ்சியின் விவசாயிகள் என்னை நம்பி இறக்கிய பூண்டு. பனி ஈரத்தில் அடைந்து கிடந்தால் முளைவிட்டுவிடும். நீங்கள் மனுவைப் படித்துவிட்டு, மடித்து என் சட்டைப்பையிலேயே செருகினீர்கள்.

"கருணைன்னு கேட்டா, திறக்கிறதும் திறக்காததும் அவர் இஷ்டம்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி பாய். பூட்டுற அதிகாரம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேப்போம்."

"அவரு கவர்மெண்டும்மா!"

"கவர்மெண்டுக்கும் அளந்துதானே குடுத்திருக்கு?"

மதுரை ஐகோர்ட்டில் அரசு வக்கீல், என் லாரிகளால் தெருவில் நெரிசல் என்றார். பொதுநலனுக்காக வியாபாரத்தைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனமே அனுமதிக்கிறது என்றார். நீதிபதி அந்தப் பிரிவை முழுக்க வாசிக்கச் சொன்னார். பேரத்தில் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியை நீதிபதியே அங்கே வெளியே எடுத்தார்:

"கட்டுப்படுத்தலாம்னு மட்டும் இல்லையே. சட்டம் போட்டுச் செய்யணும், அது நியாயமாவும் இருக்கணும்னு இருக்கே. இந்த உத்தரவுக்குப் பின்னால என்ன சட்டம் இருக்கு? இவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சட்டமும் காட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை என்று எழுதினார். சீலை எடுக்க உத்தரவானது. பூண்டு தப்பியது.

ஆனாலும் எனக்குக் குறைதான். மதுரை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது முறையிட்டேன்: "என் பக்கம் நியாயம்னு ஒரு வரிகூட எழுதலையேம்மா. நாளைக்கே நோட்டீஸ் குடுத்துப் பூட்டிட்டா?"

"சட்டம் இருந்து, உங்களைக் கேட்டுட்டுச் செஞ்சா செய்யலாம். மொதல்ல லாரிய ஒழுங்கா நிறுத்துங்க பாய்" என்று சிரித்தீர்கள். "ஜட்ஜ் உங்களுக்காக மட்டுமா எழுதினாரு? உங்க அண்ணாச்சிக்கும் சேர்த்துத்தான்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. என் கதவு பூட்டிய அன்றே கவுஞ்சிக்காரர்களைத் தன் தராசுக்கு அழைத்துக்கொண்டவர் அண்ணாச்சி.

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தமுறை மூன்று நாள் நானும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் போகவேண்டிய மூட்டைகள் என் வாசலில் இறங்கின. இனிப்பாகத்தான் இருந்தது. நாலாம் நாள், குளிர் காற்றோடு மறுபடியும் அந்த அரக்கு வாசனை வந்தமாதிரி இருந்தது. தெருவைக் கடந்தேன்.

"என்ன பாய், வேடிக்கை பாக்க வந்தீங்களாக்கும்?"

"உம்ம பூண்டு அழுகுனா நாத்தம் என் கடைக்குத்தான்யா வரும். வெரசா கெளம்பும், மதுரைக்குப் போவோம்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். 'கருணைகூர்ந்து' என்றுதான் தொடங்கியது. நான் மடித்து அவர் பையிலேயே செருகினேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. உங்களிடம் ஜூனியராக இருந்த பெண்தான் இப்போது வழக்கை நடத்துகிறாள். அண்ணாச்சிக்கு ஆதரவாக அபிடவிட்டில் நான் கையெழுத்துப் போடும்போது என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எதிர்க்கடைக்காரருக்கா பாய்?" என்றாள். அன்று டீக்கடையில் உங்கள் ஃபீஸ் என்ன என்று நான் கேட்டதையும், நாம் பேசி முடித்ததையும் அவளிடம் சொன்னேன்: கோர்ட் செலவு என்னுடையது. ஃபீஸுக்குப் பதிலாக, இதேமாதிரி பூட்டு இந்தத் தெருவில் யார் கதவில் விழுந்தாலும், எனக்கு ஆகாதவன் கதவாகவே இருந்தாலும், முதல் கையெழுத்து என்னுடையது.