தூரித் எழுந்த குளிர்காலம்

ஆலிகான்டே, ஸ்பெயின்
நவம்பர் 26

அன்புத் தோழி தூரித்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இந்த வெயிலில் என் முழங்கால் முனகுவதை நிறுத்திவிட்டது. போனில் கேட்டால் "நல்லாத்தான்டி இருக்கேன்" என்று பொய் சொல்வாய். கடிதத்தில் உனக்குப் பொய் வராது. அதனால் எழுது.

வடதுருவத்தை ஒட்டிய நம் லாங்விக்கில் இந்நேரம் சூரியன் போயிருக்கும். இனி இரண்டு மாதம் இருட்டுதான். போன வருடம் நீ கரடி மாதிரி படுத்துக் கிடந்தாயே, எதிர்வீட்டிலிருந்து தினமும் வந்து போர்வையை இழுத்தது யார்? இந்த வருடம் இழுக்க ஆளில்லை. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் எண்ணெய் குடி. சூரியனுக்குப் பதிலாக டாக்டர் கொடுத்த வெளிச்ச விளக்கின் முன்னால் காலையில் உட்கார். மதியம் சற்று நேரம் வானம் வெளுத்து நீலமாகும்போது வெளியே நட. முடியவில்லையென்றால் ஒரு வார்த்தை எழுது, வந்து நிற்பேன்.

உன்னை வைதே பழகிய
சிக்னே

லாங்விக்
டிசம்பர் 9

ஆரஞ்சு தின்னும் மகாராணிக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. படுத்துவிட்டேன். எழுந்து யாருக்குக் காபி போடுவது என்று அழுகையாக வந்தது. ஜன்னல் விளக்கைக்கூடப் போடவில்லை.

விளக்கு எரியாத ஜன்னலைப் பார்த்தால் நம் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் பக்கத்து வீட்டுக் கோரெ பனி வாரும் மண்வெட்டியோடு சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்தான். என் பூந்தொட்டி போயிற்று.

"தூரித், உசுரோட இருக்கியா?"

"இருக்கேன். கதவு இருக்க, ஜன்னல்ல எதுக்குடா ஏறின?"

"பூட்டியிருக்கும்னு நெனச்சேன்."

"நம்ம ஊர்ல யாருடா கதவைப் பூட்டுறா?"

அவன் நின்று யோசித்தான். "யாருமில்ல," என்றான்.

பின்னாலேயே அடுத்த தெரு ஓலவ், வாசல் வழியாக, கேக்கோடு வந்தாள். துக்கம் கேட்க வந்தாளாம். "உசுரோட இருக்கறவளுக்கு இவ்வளவு வெண்ணெய் போட்டிருக்க மாட்டேன்" என்று அலுத்துக்கொண்டாள். மூவரும் என் கட்டில்மேல் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதோடு விட்டார்களா? படகுத்துறை வெந்நீராவிக் குளியலில் உன் இடம் காலியாக இருக்கிறதென்று ஓலவ் என்னை இழுத்துப் போனாள். நீராவியிலிருந்து நேரே கடலில் குதிக்க வேண்டுமாம். குதித்தபோது நான் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. ஆனால் வீடு திரும்பும்போது பசித்தது, சிக்னே. பசி எடுத்து எத்தனை நாளாயிற்று.

சில காலைகள் இன்னும் கனக்கின்றன. அன்றைக்கு வெட்கமில்லாமல் ஓலவைக் கூப்பிடுகிறேன். நீ ஓடி வர வேண்டாம்.

உன் கரடி,
தூரித்

ஆலிகான்டே
டிசம்பர் 27

தூரித்,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இங்கே நேற்றும் வெயில், இன்றும் வெயில். கண் கூசுகிறதென்று ஜன்னல் பலகைகளைச் சாத்தியே வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மீன் வாங்கினேன், சமைக்கவில்லை. எழுத வேறொன்றும் இல்லை.

சிக்னே

லாங்விக்
ஜனவரி 4

என் சிக்னேவுக்கு,

உன் கடிதத்தில் ஒரு திட்டுகூட இல்லை. அப்போதே பேனாவை எடுத்துவிட்டேன். பகலில் படுத்துக்கொள்கிறாயா? கடைசியாக யாரோடு பேசினாய்? போர்வைக்குள் கிடந்தவள் கேட்கிறேன், என்னிடம் மறைக்காதே. கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இருட்டுக் காலத்தைக் கொண்டாடுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

கவலையோடு,
தூரித்

ஆலிகான்டே
ஜனவரி 9

தூரித்துக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். ரொட்டிக்கடையில் "ஒன்று" என்று சொல்வதைத் தவிர நான் யாரோடும் பேசுவதில்லை. மத்தியானம் வரை எழுவதில்லை. இத்தனை வருடம் நான்தான் உன்னை எழுப்பினேன் என்று இறுமாந்திருந்தேன். உன்னை எழுப்பப் போக வேண்டுமே என்றுதான் நானே எழுந்திருக்கிறேன் போல. நீ கடலில் குதித்ததைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இங்கே சூரியன் தினமும் வருகிறது. அதற்காகக் காத்திருப்பவர் ஒருவருமில்லை.

நான் வரட்டுமா? நீ இப்போதுதான் எழுந்து நிற்கிறாய். உனக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சிக்னே

லாங்விக்
ஜனவரி 14

அடி பைத்தியக்காரி,

இதைக் கேட்கவும் வேண்டுமா? டிக்கெட் எடு. கோரெ காரோடு விமான நிலையத்தில் நிற்பான். உன் வீட்டில் கணப்பு மூட்டியாயிற்று. வாசல் பனியை நானே வாரினேன்.

இருபத்தோராம் தேதி சூரியன் திரும்புகிறது. பள்ளிக்கூட மேட்டில் ஊரே கூடும். மஞ்சள் நிற இனிப்புப் பாகு அடைத்த சூரிய ரொட்டி இந்த வருடம் என் பொறுப்பு. முதல் தடவை சுட்டதைக் கடித்த கோரெ இன்னும் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு மேகமாக இருக்கும் என்கிறார்கள். சூரியன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நீ வந்தாக வேண்டும்.

சிக்னே இல்லாமலே இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறேன். சீக்கிரம் வந்து அதைக் கெடு.

உன்,
தூரித்