கானலம்பட்டினத்துக்கு மிதந்து வந்த முரசு

கடலும் கழியும் காவல் நிற்கும் கானலம்பட்டினத்து மாதேவியார் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் பேரமைச்சன் பொழிலன் சாத்தன் எழுதும் ஓலை. குன்றவாயில் நாட்டுக்கு அதிபதியும், எண்திசை வென்றவரும், மலைகளை மொட்டையடித்தவருமான விறல்மலையன் நெடுங்கோ காண்க. உமது கோட்டையும் கொற்றமும் வாழ்க; கோட்டைக்கு அடியில் மண் மிச்சமிருக்கும் வரையிலாவது வாழ்க.

உம் பாட்டனாரும் தந்தையாரும் எங்கள்மீது படையெடுத்து ஒரு பிடி மண்ணும் கொள்ளாமல் திரும்பினர். நீவிரோ பெருவள்ளல்! மழைதோறும் உமது நாட்டையே கரைத்து, ஆற்றில் ஏற்றி, எங்கள் துறைமுகத்தில் கொண்டுவந்து கொட்டுகிறீர். கப்பல் நின்ற இடத்தில் இன்று கோழி மேய்கிறது. இத்தனை தானம் எங்களுக்குத் தாங்காது என்றுதான், இம்மண் எங்கிருந்து வருகிறதென ஆராய, நிலநூல் வல்ல செங்கோதையாரை மாதேவியார் உம்மிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் செய்த குற்றம் இதுதான். ஓடைகள் இறங்கும் இடந்தோறும் வாயகன்ற பானைகளைப் பதித்து, மழை ஓய்ந்ததும் அடியில் தங்கிய வண்டலைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தார். காடு வெட்டிய சரிவின் கீழே பாதிப் பானை செம்மண். அதே நீர் உமது தாமரைச் சதுப்பில் புகுந்து வெளியேறும் இடத்திலோ பானையின் அடி பளிச்சென்று தெரிந்தது. கோரையும் சேறும் வெள்ளத்தை மடக்கி, மண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, நீரை மட்டும் மெல்ல விடுகின்றன என்று கண்டபோது, முழங்கால் சேற்றில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தாராம். பாவம், இதைக் கேட்டால் அரசர் மகிழ்வார் என்று நம்பி உம் அவைக்கு ஓடிவந்தார்.

நீவிரோ யானை அணிவகுப்புக்குத் திடல் வேண்டுமென்று அந்தச் சதுப்பையே வெட்டி வடித்துக்கொண்டிருந்தீர். வடித்தால் அடுத்த பெருமழையில் மலையே இறங்கி வரும் என்று அவர் மன்றாடினார். உம் அரண்மனைச் சோதிடர் ஆலங்கண்ணர் பானைகளைப் பார்த்து நடுநடுங்கி, இது பில்லி சூனியம், இவள் மலையின் உயிரைப் பானையில் அடைக்கிறாள் என்று கூவினாராம். அவையோர் ஆமாம் சாமி போட்டனர், பானைகள் உடைந்தன. கார்காலம் முடிந்து நீவிர் எடுக்கும் மழைவிழாவில் அம்மையார் நாவை அறுப்பதென்று தீர்ப்பும் ஆயிற்று. அடடா, என்ன மதிநுட்பம்! பானையை உடைத்தால் மண் திரும்ப மலையேறிவிடும் போலும்.

பிறகு மழை பெய்தது. மடக்கி வைக்கச் சதுப்பு இல்லை. உமது திடலும் யானைக்கொட்டிலும் முரசு மண்டபமும் இருந்த இடம் தெரியாமல் போயின என்று கேள்விப்பட்டோம். எங்கள் உப்பளத்துத் தெருவும் போயிற்று. இதை எழுதுகையில் கேலி வரவில்லை, நெடுங்கோவே. அங்கே சேற்றைத் தோண்டிப் பிணங்களை எடுத்த எம் பரதவர், வேறொன்றையும் எடுத்தனர். புலித்தோல் போர்த்து, பொற்பட்டம் கட்டி, உமது பெயர் பொறித்த வெற்றிமுரசு அது.

பகைவன் முரசு எவர் கையில் இருக்கிறதோ அவரே வென்றவர் என்பது உம் குலமும் எம் குலமும் ஒப்பிய முறைமை. ஆக, வாளெடாமலே வென்றுவிட்டோம்! வென்றவர் என்ற உரிமையில் மாதேவியார் ஆணையிடுவது: ஓலை கண்டதும் செங்கோதையாரை நாவோடும் மதிப்போடும் விடுவித்து, உமது பல்லக்கிலேயே ஏற்றி அனுப்புக. வெட்டிய வடிகால்களை அடைத்து, சதுப்பைச் சதுப்பாக விடுக. புதுப் பானைகளை ஆலங்கண்ணர் தம் தலையில் சுமந்து சென்று, பழைய இடங்களில் பதிப்பாராக. மறுத்தால் எங்கள் படை வராது. எதற்கு வீண் அலைச்சல்? இன்னும் சில மழை பொறுத்திருந்தால் உமது அரியணையும் தானாக வந்து சேரும்.

முரசைத் திருப்பித் தருவீரா என்று கேட்பீர். அதன் தோல் கிழிந்துவிட்டது. உள்ளே பாதிக்குச் செம்மண் தங்கியிருக்கிறது. செங்கோதையார் வந்து தொட்டுப் பார்க்கும்வரை அதை எவரும் கழுவலாகாதென்பது மாதேவியார் கட்டளை. ஒரு சிட்டிகை மட்டும் எடுத்துக் குழைத்து இவ்வோலைக்குச் சங்கு முத்திரை இட்டோம். உடைக்கும்போது பதமாக உடைப்பீராக. அது உமது நாடு.