அமைச்சர் சொன்ன பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். பாரிஸ் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி?

இங்குள்ள பிரெஞ்சுக்காரரைச் சந்திக்க எங்கள் பழைய மேயர் மதாம் லெகாந்த் சிட்னிக்கு வந்திருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து மேயராகி, நகரசபையில் உங்கள் இரவுத் துப்புரவு வேலையைப் பகலுக்கு மாற்றித் தந்தவர். தொழில் அமைச்சரானதும், "கதிரை கிடைச்சவுடனை மற்றத் தொழிலாளியளை மறந்திட்டா" என்று நீங்கள் கோபப்பட்டீர்கள்.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து அந்தக் கூட்டத்துக்குப் போனேன். துப்புரவு வேலையை நாடு முழுவதும் பகலுக்கு மாற்றும் சட்டம் எங்கே என்று எழுந்து கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"கொண்டுவந்தேன், தோற்றேன். என் கட்சியே எதிர்த்தது. பதவி போகும் என்றாலும் மறுபடி கொண்டுவருவேன்."

சபை நிறைந்த கூட்டத்தில் தோற்றேன் என்று சொல்லும் அமைச்சரை நான் கண்டதில்லை. பிறகு என்னை அடையாளம் கண்டு அருகில் வந்து உங்களைப் பற்றி விசாரித்தார். அப்பா கோபமாக இருக்கிறார் என்றேன். "அவர் கோபம் நியாயம்" என்றார்.

என் நீலக் குளிர்ச்சட்டையை அனுப்புங்கள். இங்கே வீட்டுக்குள்ளும் குளிர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஃபோனைக் குசினியிலேயே வைத்துவிடுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா சமைக்கும் சத்தம் கேட்டால் போதும்.

ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன்; ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையம் வந்துவிட்டது, ரயில் மாற வேண்டும்.

உங்கள் மகள்,
மிருணாளினி