இரைச்சல் நீக்கிய குரல்

பதிவு 1
3 ஆகஸ்ட், 08:20. மேட்டு நிலையம், நிலவின் தென்துருவம்

இதை யார் படிக்கப் போகிறீர்கள் என்று தெரியாது. அநேகமாக இந்தச் செட்டின் அடுத்த உரிமையாளராக இருப்பீர்கள். ஒரு நிறுவனம் தன் புதிய கையடக்க ஹாம் ரேடியோவில் நான்கை எங்களுக்கு அனுப்பி, ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு உரிமையாளர்களின் கருத்தைத் தொகுத்து எழுதித் தரும்படி கேட்டிருக்கிறது. எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்கு நான் பொருத்தமானவன்தானா என்பது சந்தேகமே. என்னோடு செட் பெற்ற மற்ற இருவருக்கும் பொறுமை கிடையாது, அதுதான் காரணம்.

என் பெயர் சபாநடேசன். சூரியனின் ரேடியோ அலைகளைக் கவனிப்பது என் வேலை. மேட்டின் உச்சியில் உள்ள இந்த நிலையத்தில் தனியாக இருக்கிறேன். கீழே பெரிய தளத்தில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஹாம் உரிமம் வைத்திருப்பவர்கள் இருவர். சென்னியப்பன் வண்டி ஓட்டுபவர், பெருந்துறைப் பக்கத்துக்காரர். அமலோற்பவம் பம்புகளையும் தண்ணீர்க் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறவர், தூத்துக்குடிக்காரர். ஆளுக்கொரு செட். நான்காவது உதிரியாக என் மேசையில் சார்ஜரில் நிற்கிறது.

முதல் கவனிப்புகள்: எடை குறைவு. கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறது. திரை வெளிச்சம் அதிகம். பேட்டரி சொன்னபடி நிற்கிறது. முக்கியமான புது வசதி இரைச்சல் நீக்கம். மனிதக் குரலை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் அனுப்பும் முன்பே அகற்றிவிடுகிறது. அதை அணைக்கும் வழி மெனுவில் இல்லை. நான் சரியாகத் தேடாமலும் இருந்திருக்கலாம்.

பதிவு 2
6 ஆகஸ்ட், 17:40

மற்ற இருவரின் கருத்துகளை அவர்கள் பேசியபடியே குறித்துக்கொள்கிறேன்.

அமலோற்பவம்: "சார், நல்லா எழுதிக்கிடுங்க. பழைய செட்டுல பம்பு பக்கத்துல நின்னா நம்ம பேச்சு நமக்கே கேக்காது. இதுல பம்பு ஓடுததே தெரியல. சென்னியப்பன் அண்ணாச்சியோட கொறட்டைய இதுல விட்டுப் பாக்கணும், போகுதா இல்லையான்னு."

சென்னியப்பன்: "கொறட்டை என்னோடதில்லீங், வண்டி மோட்டாருதுங். அம்முணி பேச்சைக் கணக்குல எடுக்காதீங்க சார். செட்டு நல்லாத்தானுங் இருக்குது. ஆனா ரொம்ப சுத்தமுங். எதுத்தாப்ல ஆளு இருக்கறானா இல்லையான்னே தெரிய மாட்டீங்குது. பழசுல கரகரன்னு ஒண்ணு கேட்டுட்டே இருக்குமுங். அது ஒரு தொணைங்."

என் கருத்தும் ஏறத்தாழ அதுவே. பேச்சு நின்றதும் எதிர்முனை துண்டிக்கப்பட்டதாக இருமுறை நினைத்துவிட்டேன்.

பதிவு 3
11 ஆகஸ்ட், 18:15

வண்டியின் பின்சக்கரத்தில் சத்தம் வருவதாக நேற்று சென்னியப்பன் சொன்னார். பேரிங்காக இருக்கலாம் என்றேன். எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, எப்போதோ கேட்டதைச் சொல்கிறேன், மெக்கானிக்கைக் கேளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் நேராகப் போய் பேரிங்கை மாற்றிவிட்டார். சத்தம் நின்றுவிட்டது.

"மெக்கானிக்கே தலையச் சொறிஞ்சிட்டு நின்னானுங். சார் ஒரே வார்த்தைல பேரிங்குன்னு போட்டு ஒடச்சிட்டாருங்."

அமலோற்பவமும் சேர்ந்துகொண்டார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே சார். முன்னாலயெல்லாம் தோணுது, இருக்கலாம், பாப்போம்னு இழுத்துக்கிட்டே கெடப்பிய. இப்போ கலெக்டர் கணக்கா பேசுதிய. என்ன சாப்பிடுதிய அங்கன?"

எனக்குப் பாராட்டு பழக்கமில்லை. பேசும் முறையை நான் மாற்றிக்கொண்டதாக நினைவில்லை. ஆனால் வயதான பிறகும் மனிதன் கொஞ்சம் தேறக்கூடும். இன்று உப்புமாவை ருசித்துச் சாப்பிட்டேன். என் மனைவி உயிரோடிருந்தால் இதை நம்பியிருக்க மாட்டாள்.

செட்டில் குறை எதுவும் இல்லை.

பதிவு 4
19 ஆகஸ்ட், 10:05

காலையில் சூரியனின் மேற்கு ஓரத்தில் பெரிய வெடிப்பு. ரேடியோ அலைகள் வந்துவிட்டன. பின்னால் உடலைத் துளைக்கும் துகள்கள் வரும். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதிகாரப்பூர்வ அறிவிப்பு மஞ்சள் எச்சரிக்கையோடு நிற்கிறது. அதாவது வெளியே போவதும் போகாததும் போகிறவர்களின் பொறுப்பு.

பனிப்பள்ளத்தின் அடியில் இருக்கும் பம்பு இன்று நின்றுவிட்டது. குழாய் உறைந்தால் நாற்பது பேருக்கும் தண்ணீர் இல்லை. பம்பு அறைக்கு வண்டியில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அமலோற்பவம் பழுது பார்க்க வேண்டும், சென்னியப்பன் ஓட்ட வேண்டும். தளத்தின் தலைவர் முடிவை அவர்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் என்னிடம் கேட்டார்கள்.

அமலோற்பவம்: "யாரு மஞ்சள்னு சொன்னா என்ன, பச்சைன்னு சொன்னா என்ன. சபாநடேசன் சார் சொல்லட்டும்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பழைய கணக்குகளின்படி ஆறு மணி நேரம் இருக்கும். ஆனால் இந்த வெடிப்பு பழைய கணக்குக்குள் அடங்குமா என்று தெரியவில்லை. என் கணிப்பு தப்பாக இருக்கலாம். நானாக இருந்தால் போகமாட்டேன்."

சென்னியப்பனின் பதில் உடனே வந்தது. "ஆறு மணி நேரமுங்களா. போதுமுங் சார். பம்பை மாட்டீட்டு வெசையா வந்தர்றோமுங்."

பின்பாதியை ஏன் கண்டுகொள்ளவில்லை என்று தோன்றியது. திரும்பக் கேட்க நினைத்தேன். நச்சரிப்பதாக நினைப்பார்களோ என்று விட்டுவிட்டேன். தேவை அவர்களுக்குத்தானே தெரியும்.

பதிவு 5
19 ஆகஸ்ட், 11:20

உதிரிச் செட்டின் பேட்டரியைச் சோதிக்கும் நாள் இன்று. அதை சார்ஜரிலிருந்து எடுத்து இயக்கி, என் செட்டில் பேசினேன். "சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று. இது போதும் என்று நினைக்கிறேன்." உதிரிச் செட்டில் கேட்டது: "சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று." அதன் பிறகு சுத்தமான அமைதி.

மறுபடி செய்தேன். அதே விளைவு.

காலையில் சொன்னதை வேறு அலைவரிசையில் மீண்டும் சொன்னேன். "பழைய கணக்குகளின்படி ஆறு மணி நேரம் இருக்கும்." அவ்வளவுதான் வந்தது. அடுத்த மூன்று வாக்கியங்களும் இல்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. செட் அவற்றை அனுப்பவில்லை.

காரணம் இதுவாக இருக்க வேண்டும். நிச்சயமில்லாததைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடும், நடுங்கும், வாயை விட்டு வெளியே வராது. வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது என்று ஒருகாலத்தில் மாணவர்கள் புகார் சொன்ன குரல் அது. செட் அதைக் குரலாக எடுத்துக்கொள்வதில்லை. இரைச்சல் என்று அகற்றிவிடுகிறது.

பேரிங்கும் இப்படித்தான். கலெக்டரும் இப்படித்தான்.

அவர்களைக் கூப்பிடுகிறேன். பள்ளத்தின் விளிம்புக்கு வந்தால்தான் கிடைப்பார்கள்.

பதிவு 6
19 ஆகஸ்ட், 11:50

கிடைத்தார்கள். உதிரிச் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு பேசினேன். திரும்பிவிடுங்கள் என்று ஒரே சொல்லில் உத்தரவிட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. துகள்கள் வராமல் போனால் பம்பும் போய், தண்ணீரும் போய், நாற்பது பேர் என்னால் தவிப்பார்கள். ஆகவே விளக்க முயன்றேன். செட் இப்படி இருக்கிறது, காலையில் நான் சொன்னது முழுதாக வந்து சேரவில்லை, ஒருவேளை திரும்புவது நல்லதோ என்னவோ என்றேன்.

காதில் கேட்டது: "செட்." சற்றுக் கழித்து: "காலையில்." வேறொன்றும் இல்லை.

அமலோற்பவம்: "சார், துண்டு துண்டா வருது. செட்டு நல்லாத்தான் இருக்கு, காலையிலயும் நல்லாத்தான் இருந்துச்சு. அதையா கேக்குதிய? பத்து நாள் பொறுங்க, மொத்தமா கருத்து சொல்லிருதோம்."

சென்னியப்பன் சிரித்தது கேட்டது.

மூன்று முறை முயன்றேன். சத்தமாகப் பேசினால் போகும் என்று தெரியும். உறுதி இல்லை என்பதை உறுதியான குரலில் சொல்ல எனக்கு வரவில்லை. தொண்டை அதற்குப் பழகவில்லை. நான்காவது முறை பொத்தானை அழுத்தும்போது மேசையில் இருந்த துகள்மானி ஒலி எழுப்பியது.

பதிவு 7
19 ஆகஸ்ட், 12:10

ஆறு மணி நேரம் இல்லை. இரண்டுதான். எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது. தளத்தை அவர்களோடும் என்னோடும் இணைக்கும் செயற்கைக்கோள் தற்காப்புக்காக அணைந்துவிட்டது. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே குரல் என்னுடையது.

என் நிலையத்தின் அடியில் ஒரு பதுங்கறை உண்டு. அங்கே செட் எடுக்காது, ஆகவே மேலேயே இருக்கிறேன்.

"ஏனுங் சார், வண்டில செவப்பு வெளக்கு எரியுதுங். திரும்பறதுங்களா, முன்னால போறதுங்களா?"

முன்னால் போனால் ஐம்பது நிமிடத்தில் பம்பு அறை. மண்ணுக்கு அடியில் இருக்கிறது, துகள்கள் புகாது. மருத்துவர் இல்லை. காற்று ஒன்றரை நாளுக்கு. திரும்பினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெட்டவெளி. தளத்தில் மருத்துவர் இருக்கிறார். உச்சம் எப்போது வரும் என்பதைப் பொறுத்து இது சரி அல்லது அது சரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட என் பிழை பெரியது.

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"சார், ஒண்ணுமே வரல. போகவா, திரும்பவா? அத மட்டும் சொல்லுங்க. அண்ணாச்சி வண்டிய நிப்பாட்டிட்டாரு."

நின்ற வண்டிதான் எல்லாவற்றிலும் மோசம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முன்னால போங்க. பம்பு அறைக்குள்ள எறங்கிக் கதவ மூடுங்க." உதிரிச் செட்டில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் கேட்டது. அது யாரோ ஒரு தைரியசாலியின் குரல்.

"சரிங் சார்." அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.

பதிவு 8
19 ஆகஸ்ட், 14:40

போய்ச் சேர்ந்தார்கள். அறைக் கதவின் மேல் பனி இறுகியிருந்தது. கதவைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. சென்னியப்பன் வண்டியை விட்டு இறங்கி மண்வெட்டியால் உடைத்திருக்கிறார். அமலோற்பவத்தை வண்டியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலேயே உட்காரச் சொல்லிவிட்டார். கதவு திறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது இருவரும் உள்ளே இருக்கிறார்கள். ஆன்டெனா கம்பி கதவோரமாக வெளியே நீட்டியிருப்பதால் பேச முடிகிறது.

"அம்முணி பம்பையும் மாட்டியாச்சுங் சார். தண்ணி ஓடுதுங். தளத்துல சொல்லீருங், குளிக்கறவன் குளிக்கட்டும்."

தளத்தை இங்கிருந்து எட்ட முடியவில்லை. ஆனால் தண்ணீர் வந்தால் தெரிந்துகொள்வார்கள்.

எனக்குக் குமட்டுகிறது. உப்புமா காரணமாக இருக்கலாம். உடல் வாங்கிய கதிர்வீச்சைக் காட்டும் கதிர்மானி என் மார்பில் இருக்கிறது, அதைப் பார்க்கவில்லை.

பதிவு 9
19 ஆகஸ்ட், 16:

அவர்களின் கதிர்மானிகளைப் படிக்கச் சொன்னேன். அமலோற்பவத்துடையது ஒன்று புள்ளி ஒன்று. வாந்தி வரும், சோர்வு வரும், பிழைத்துக்கொள்வார். சென்னியப்பனுடையது மூன்று புள்ளி எட்டு.

அந்த அளவில், மருத்துவம் கிடைக்கத் தாமதமானால், பாதிப் பேர் பிழைப்பார்கள். புயல் ஓயும்வரை அவர்கள் வெளியே வர முடியாது.

அமலோற்பவம் மெல்லக் கேட்டார். அவர் மெல்லக் கேட்டாலும் உறுதியாகக் கேட்பதால் செட் அனுப்பிவிடுகிறது.

"சார், அண்ணாச்சி மூணு தடவ வாந்தி எடுத்துட்டாரு. கண்ண மூடிக் கெடக்காரு. பொழச்சிருவாரா? மழுப்பாம சொல்லுங்க."

பாதி என்பதைச் சொன்னேன். போகவில்லை. மறுபடி சொன்னேன். போகவில்லை. பிழைத்துவிடுவார் என்று சொன்னால் போகும். சாவார் என்று சொன்னாலும் போகும். இரண்டில் எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. காலையில் அப்படிச் சொன்னதாக ஆனதால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

"சார்? இருக்கியளா?"

எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன். "எனக்குத் தெரியாதும்மா. பாதிக்குப் பாதி. காலையில சொன்னதும் எனக்குத் தெரியாமச் சொன்னதுதான்."

உதிரிச் செட் அதைத் திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு சொல்லும். நடுக்கம் எதுவும் இல்லாமல்.

அமலோற்பவத்தின் பதில் வந்தது.

"சரி சார். உங்களத் தப்பாச் சொல்லல. ஆனா அவரும் கேட்டுட்டாரு. தூங்குதாருன்னு நெனச்சிட்டேன். செட்டு அவ்வளவு தெளிவால்லா பேசுது."

பிறகு சென்னியப்பனின் குரல்.

"பரவால்லீங் சார். பாதின்னா பாதி. பெருந்துறைல பஸ்ஸுக்கு நிக்கறப்ப அதுகூட இருக்காதுங்."

அமலோற்பவம் அவரைத் திட்டியது கேட்டது. அழுதுகொண்டே திட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அழுகை வரவில்லை, திட்டு மட்டும் வந்தது.

பதிவு 10
19 ஆகஸ்ட்

எழுத்து கோணுகிறது. மன்னிக்கவும். தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த உரிமையாளருக்கு: இந்தச் செட்டை வைத்திருப்பவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அப்போது

எண்ணிக்கை இறங்குகிறது. நாளைக் காலையில் அவர்கள் வெளியே வரலாம் போலிருக்கிறது. சொல்கிறேன், போகவில்லை. சத்தம் வரவில்லை எனக்கு.

"ஏனுங் சார், நீங்க கீழ எறங்கீட்டீங்களா? எங்களுக்கோசரம் மேலயே உக்காந்துட்டு இருக்காதீங்."

"சார் எறங்கிட்டாரு போல, அண்ணாச்சி. நல்லதாப் போச்சு. செட்டு அமைதியா இருக்கு."

இல்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் வெளியே வரலாம் என்றுதான்