நிறுத்தியது யார், ஓடவிட்டது யார்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே கதை. நேற்று குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பும் நிரலை நிறுத்திவைத்துவிட்டுத்தான் மடிக்கணினியை மூடினேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே காற்றாடி இரைகிறது, அடிப்பக்கம் கொதிக்கிறது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதையும் தொடலியே."

ஒரே சொல் இரண்டு தடவை வராத பெரிய கட்டம். பத்திரிகைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. வாரக்கணக்கில் நிரல் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. அவர் செய்தி படிக்கும்போது இரைச்சல் வேண்டாமே என்றுதான் இராத்திரியே நிறுத்துகிறேன். கணினிக்குள் எல்லா நிரல்களையும் மேய்க்கிற இந்தக் கெர்னலுக்கு என்ன கேடு?

மார்ச் 5, வியாழன்

கெர்னலின் மூலநிரலைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். கல்லூரி வாசலை மிதிக்காதவள்தான். படிக்கத் தெரியும்.

மூடியை மூடினால் கெர்னல் முதலில் எல்லா நிரல்களையும் இருந்த இடத்திலேயே உறைய வைக்கிறது. பிறகுதான் இயந்திரம் தூங்குகிறது. திறந்ததும் எல்லாவற்றையும் உருக்கிவிடுகிறது, விட்ட இடத்திலிருந்து ஓடுகின்றன. ஆனால் நான் முன்னமே நிறுத்திய நிரல் வேறு ரகம். அதை நிறுத்தியவள் நான். கெர்னல் தான் போட்ட பூட்டைத்தான் கழற்ற வேண்டும். என் பூட்டில் கை வைக்க அது யார்?

அப்படியே எழுதி, கெர்னல் எழுதுகிறவர்களின் அஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். போன வருஷம் நான் காட்டிய பிழையைத் திருத்திக்கொண்டு என் பெயரைப் போடாமல் விட்டார்கள். அதையும் கடைசியில் சேர்த்தேன். எதற்கு விட வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

உறைய வைக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஆள் பதில் போட்டிருக்கிறான். பனிப்பெட்டிக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். தன் இயந்திரத்தில் நூறு தடவை தூங்கவைத்து எழுப்பினானாம், நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்ததாம். "வேறு யாராவது ஓடவிடுகிறார்களா?" என்று கேட்கிறான்.

என் வீட்டில் இருப்பது இரண்டு பேர். "என் கணவருக்கு அதைத் திறக்கவும் மூடவும் மட்டும்தான் தெரியும். உங்கள் பிழையை அவர் தலையில் கட்ட வேண்டாம்" என்று அத்தனை பேரும் படிக்கும்படி பதில் எழுதினேன். பிழை என்னுடையது என்று நிரூபித்தால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன் என்றும்.

கொஞ்சம் அதிகமோ? இல்லை.

மார்ச் 11, புதன்

நானே மூடியைத் திறந்து பார்க்கிற நாட்களில் ஒழுங்காக நின்றிருக்கிறது. என்னைக் கண்டால் மட்டும் பயமா அதற்கு?

மார்ச் 13, வெள்ளி

குளிக்கப் போனவள் மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பி வந்தேன். அவர் மடிக்கணினியைத் திறந்தார், திரையைப் பார்த்தார், குளியலறைப் பக்கம் ஒரு பார்வை, பிறகு ஒற்றை விரலால் எஃப், ஜி என்று இரண்டு எழுத்தைத் தட்டினார். காற்றாடி இரைய ஆரம்பித்தது. நின்ற நிரலை மறுபடி ஓடவிடுகிற கட்டளை அது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

நாற்காலியோடு திரும்பினார். "தெனம் தெறந்தா 'ஸ்டாப்டு'ன்னு நிக்குது. நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். நீ இந்த ரெண்டு எழுத்தைத் தட்டுறதைப் பாத்திருக்கேன். நீ வந்து கத்தறதுக்குள்ள ஓடவிட்டுடலாம்னு..."

"உங்களுக்கு இரைச்சலா இருக்கேன்னுதானே நிறுத்திவெச்சேன்."

"அதை என்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இத்தனை நாளும் அந்த இரைச்சலில்தான் உட்கார்ந்து படித்திருக்கிறார் மனுஷன், வாய் திறக்காமல். நான் அப்படியா கத்துகிறேன்? யாரிடம் கேட்பது? இருப்பது இரண்டே பேர்.

மார்ச் 14, சனி

நாலு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "கெர்னலில் பிழை இல்லை. மன்னிக்கவும். என் கணவருக்குத் திறக்க, மூட, ஓடவிட மூன்றும் தெரியும். அவரைப் பற்றி நான் எழுதியது தவறு." போன வருஷத்துப் பிழைக்கு என் பெயரைப் போடாதது போடாததுதான். அதில் மாற்றமில்லை, அதையும் எழுதினேன்.

மார்ச் 16, திங்கள்

பனிப்பெட்டிக்காரனின் பதில்: "என் பகுதியைத் தினமும் காலையில் விடாமல் சோதித்த ஒரே ஆள் உங்கள் கணவர்தான். என் நன்றியைச் சொல்லுங்கள்." வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். சாப்பிடும்போது இன்னொரு தடவை.

மார்ச் 29, ஞாயிறு

தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து குரல். "இந்தா, கொஞ்சம் வந்து பாரு. எதையோ கெடுத்துட்டேன்."

ஈரத் தலையோடு ஓடினேன். இந்தத் தடவை நிஜமாகவே கெடுத்திருந்தார். திரையில் நிரல் இருந்த சாளரத்தையே மூடிவிட்டார். அத்தனை வாரத் தேடலும் போயிற்று. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"மூடட்டுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. மரியாதையா கேக்குதேன்னு ஆமான்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அவரும் சேர்ந்துகொண்டார். முதலிலிருந்து ஓடவிட்டோம், எழுத்துகளை அவர்தான் தட்டினார்.

பத்திரிகைக்காரர் மாலையில் ஏன் தாமதம் என்று கேட்டார். கணினியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டேன்.