லிஃப்டில் இருபது நிமிடம்

அன்புள்ளவளே,

பாப்பா நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறையில் படம் வரைகிறாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று என் ஒத்திகைக்கு அவளையும் கூட்டிப்போனேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. "அப்பா, மூச்சு வரல." உதடு வெளுத்தது.

மண்டியிட்டு, அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். "தோளைத் தூக்காதம்மா. வயிறு உப்பற மாதிரி இழு. இப்ப விசில் ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடு. சத்தம் வரக்கூடாது." புல்லாங்குழலில் நீண்ட சுரத்துக்கு மூச்சை மிச்சம் பிடிப்பதுபோல, கதவு திறக்கும்வரை அவளுடன் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்ஹேலர் எங்கே?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பாப்பா, "நான்தான் எடுத்துக்க மறந்துட்டேன்" என்றாள்.

நீ ஊருக்குக் கிளம்பும்போது அதை என் கையில்தான் கொடுத்தாய். நேற்று ஒத்திகைக்குக் கிளம்புகையில், குழல் பையில் இடமில்லை என்று நான் மேசைமேலேயே வைத்துவிட்டேன். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

நீ கேட்டாலும் அவள் அதையேதான் சொல்வாள். நம்பாதே.

உன் கணவன்